இரண்டு கையிலும்

பீட்டர்ஹெட்டில் மார்ச் மாதம்.
கடல்மூட்டம் ஜன்னலை விட்டு நகரவில்லை.
உடற்பயிற்சிக் கூடத்தின் பேட்மின்டன் கோடுகள்மேல்
வரிசையாக நீல நாற்காலிகள்,
ஒரு மடக்குத் திரை, அதன் பின்னால் செவிலியர்.
கணக்கு வகுப்பு போயிற்று.
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்:
தடுப்பூசி பற்றி எங்கள் வகுப்பின் கருத்து
பெரும்பாலும் அந்தச் சந்தோஷம்தான்.

வேறு கருத்துகளும் இருந்தன.
ஸ்ட்ரூவன் ஒரு காணொளி பார்த்திருந்தான்.
அதில் ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பேசினாராம்.
காருக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களை
அவன் சட்டென்று நம்பிவிடுவான்.
மோர்வெனுக்கு ஊசி பயமில்லை,
மயங்கி விழுவாள், யாராவது படமெடுப்பார்கள்,
அதுதான் பயம்.
ஔஸ்தேயாவின் அம்மாவுக்கு மீன் ஆலையில் இரவு வேலை.
படிவத்தை இவளே படித்து
லிதுவேனிய மொழியில் இவளே சொல்லி
கையெழுத்து எங்கே என்று விரல் வைத்துக் காட்டி வாங்கி வந்தாள்.
உன் கருத்து என்ன என்றதற்கு
"தூக்கம் வருது" என்றாள்.

என்னிடம் இரண்டு படிவங்கள்.
திங்கள் முதல் வியாழன் வரை அம்மா வீடு: வேண்டாம்.
மிச்ச நாளெல்லாம் அப்பா வீடு: சரி.
இரண்டு பேருமே பேனாவை அழுத்தியிருந்தார்கள்.
தாளின் பின்பக்கம் தடவினால் தெரியும்.
அவர்கள் எழுதியது ஒருவருக்கொருவர் என்பதும்
தடவினால் தெரியும்.
"ஊசியும் ரெண்டுதானே" என்றான் ஸ்ட்ரூவன்,
"ஒரு கை அம்மாவுக்கு, ஒரு கை அப்பாவுக்கு."
அதுவரை கேட்டதில்
அதுதான் உருப்படியான யோசனை.

ரோடா பக்கன் என்று அட்டையில் இருந்தது.
இரண்டு தாளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்,
ஒன்றின்மேல் ஒன்றை வைக்கவில்லை.
"நீ என்ன சொல்றே?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
எங்களுக்குள் பெரிய எதிர்ப்பு இருப்பதாகப்
பெரியவர்கள் கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறார்கள்.
பல நேரம் அங்கே இருப்பது ஒரு காலி நாற்காலி,
முதலில் வந்தவர் உட்கார்ந்துவிடுகிறார்.
கடைசியில் கேட்டேன்:
"சனிக்கிழமை ஃப்ரேசர்பரோவோட மேட்ச்.
நான் கோல்கீப்பர். கையைத் தூக்க முடியுமா?"

திரைக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணினார்.
"இன்னிக்குச் செவ்வாய். நாளைக்கு வலிக்கும்.
சனிக்கிழமைக்குள்ள பெரும்பாலும் சரியாயிடும்.
உறுதியாச் சொல்ல முடியாது."
பிறகு மூளைச்சவ்வுக் காய்ச்சல் பற்றிச் சொன்னார்:
கழுத்து விறைக்கும், வெளிச்சம் கண்ணில் ஆகாது,
கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத தடிப்பு.
மிரட்டாமல்,
பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போல.

"பெரும்பாலும்" என்ற சொல்லை ஒளித்து வைக்காத ஒருவரை
அன்றுதான் பார்த்தேன்.
காரில் இருந்த ஆள் அதைச் சொல்லவில்லை.
அம்மாவோ அப்பாவோகூட.

இன்னும் நாலு கேள்வி கேட்டு
வேறொரு தாளில் நெடுநேரம் எழுதினார்.
"வீட்ல நீயே சொல்லிடுவியா?"
"ம்."
குழந்தையில் எனக்குப் போட்டார்கள்.
இந்த முறை போட்டுக்கொண்டேன்.
சட்டைக் கையை மடித்தது நான்.

ஸ்ட்ரூவனின் படிவம் தொலைந்துபோயிருந்தது.
பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல்,
"ரொம்ப வலிச்சுதா?" என்றான்.
காணொளியைப் பற்றிப் பேசவே இல்லை.

அம்மா அந்த வாரம்
சாப்பாடு, சாவி, மழைக்கோட்டு,
இவை பற்றி மட்டும் பேசினார்.

சனிக்கிழமை மூன்று கோல் விட்டேன்.
ஊசிமேல் பழியைப் போட்டேன், எல்லாரும் நம்பினார்கள்.
உண்மையில் இரண்டாவது பந்து யார் கைக்கும் எட்டாது.
மூன்றாவது வந்தபோது
வேலியோரம் பச்சைக் கோட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அப்பாவின் நாளில் வந்திருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கேட்டார்: "எந்தக் கை?"
"ரெண்டும்."
பையை வாங்கிக்கொண்டார்.
மனசு மாறியதாகத் தெரியவில்லை.
பை கனம்,
உள்ளே ஈரக் கையுறைகள்.